ஓரத்தில் ஒரு கையெழுத்து

கோவை சிங்காநல்லூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த பேத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் செல்போன் கவிழ்ந்து கிடந்தது. அது கவிழ்ந்து கிடந்தாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"என்ன அம்மிணி, மொகம் வாடிக் கெடக்குது?"

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. ஹாஸ்டல் சாம்பாரைக் கிண்டல் செய்து அவள் ஒரு கார்ட்டூன் வரைந்திருந்தாள். வார்டன் முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரோடு சாம்பார் வாளிக்குள் இறங்கிக் காய் தேடுகிறார். படத்தில் பெயர் போடவில்லை. தோழி அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். ஹாஸ்டலே சிரித்தது. வெள்ளிக்கிழமை, குரூப் அட்மினான அந்தத் தோழியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். திங்கட்கிழமை அப்பா அம்மாவோடு வரச் சொல்லிவிட்டார்கள்.

"வரைஞ்சது யாருன்னு அவ சொல்லலீங் அப்பாரு."

"நீ?"

பதில் இல்லை.

மாஸ்டர் திட்டவில்லை. படத்தைக் காட்டச் சொன்னார். பார்த்துச் சிரித்தார். "கோடு நல்லா வந்துருக்குது" என்றார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துவந்தார். பாரதியாரின் 'இந்தியா' வார இதழில் வந்த கருத்துப்படங்களின் தொகுப்பு.

பத்திரிகைக் கேலிப்படம் வெள்ளைக்காரர்களோடு இங்கே வந்த சரக்கு என்று ஆரம்பித்தார். 1841-ல் லண்டனில் 'பஞ்ச்' பத்திரிகை தொடங்கியது. 1857 கிளர்ச்சியின்போது அதில் ஜான் டென்னியல் வரைந்த படத்தில், பிரிட்டிஷ் சிங்கம் வங்கப் புலியின் மேல் பாய்கிறது. கேலி செய்யும் உரிமை ஆள்கிறவர் கையில் இருந்த காலம் அது. பிறகு பென்சில் கை மாறியது. 1877-ல் லக்னோவில் 'அவத் பஞ்ச்' என்ற உருது வார இதழ் வந்தது. பெயர் லண்டனில் கடன் வாங்கியதுதான். ஆனால் அதன் கேலி ஆங்கில ஆட்சியையும் விடவில்லை.

தமிழில் அரசியல் கேலிப்படத்தை வழக்கமாக்கியது 1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா'. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவரையும் படம் எட்டிவிடும். அதுதான் அதன் பலம்.

1908 பொல்லாத வருடம். ஜூலையில் வ.உ.சி.க்குத் தண்டனை விதித்து, கோவைச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். இங்கேதான் அவர் செக்கிழுத்தார். ஆகஸ்டில் 'இந்தியா'வின் முறை வந்தது. அதில் வந்த கட்டுரைகளுக்காக ராஜதுரோக வழக்கு. பத்திரிகையின் பேனா பாரதியாருடையது. படங்களுக்கு யோசனை சொன்னதும் அவர்தான். ஆனால் ஆசிரியர் என்று அரசாங்கப் பதிவில் இருந்த பெயர் எம். சீனிவாசன். கைதானவர் அவர். சிறைக்குப் போனவரும் அவர்.

"அப்ப பாரதியாரு?"

"புதுச்சேரிக்குப் போய்ட்டாரு. அது பிரெஞ்சுக்காரங்க ஊரு, இங்கிலீஷ் போலீஸ் கைவெக்க முடியாது. அங்கிருந்து பத்திரிகை மறுபடியும் வந்துச்சு, படமும் வந்துச்சு. அவரு போனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். உள்ள போயிருந்தா பத்திரிகையே நின்னுருக்கும்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"ஆனா கண்ணு, பாரதியாரத் தெரியாதவங்க இந்த ஊருல யாருமில்ல. சீனிவாசன எத்தன பேருக்குத் தெரியும்?"

பேத்தி நெடுநேரம் பேசவில்லை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்னய சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கன்னா?"

"பண்ணுனாலும் பண்ணுவாங்க. நாளைக்கு நானும் கூட வர்றேன். சாம்பார்ல காய் இல்லீங்கறது நெசந்தான?"

"நெசந்தானுங்."

"அப்ப படத்துக்கு மன்னிப்புக் கேக்க வேண்டாம். ஒளிஞ்சிருந்ததுக்கு மட்டும் அந்தப் புள்ளகிட்டக் கேளு."

கவிழ்ந்து கிடந்த செல்போனை அவள் எடுத்தாள். தோழியிடம் பேச உள்ளே போனவள், திரும்பி வர அரைமணி நேரம் ஆனது. கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. பையிலிருந்து அந்தக் கார்ட்டூனின் அசல் தாளை எடுத்து, பேனா கேட்டாள்.

நாற்பது வருடம் மாணவர்களுக்குச் சொன்னதையே மாஸ்டர் பேத்திக்கும் சொன்னார்.

"வலது ஓரம், கீழ. பேரு தெளிவா இருக்கோணும்."