ஹெரால்டும் பாடபேதமும்

பழைய கார்களைப் பேணுவோரை இருவகைப்படுத்தலாம். செல்வ மிகுதியால் பேணுவோர் ஒரு வகையினர். விற்க மனம் வாராமையால் பேணுவோர் மற்றொரு வகையினர். யாம் பின்னவரைச் சேர்ந்தோம். 1965ஆம் ஆண்டு வண்டலூரில் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை, யாம் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர், எம் அத்தா பழைய வண்டியாக வாங்கினார்கள். திருவல்லிக்கேணியில் எம் வீட்டை ஒட்டிய சார்ப்பின் கீழ் அஃது இன்றும் நிற்கிறது. வகுப்பறையில் இதனைச் சீருந்து என்போம். புதுப்பேட்டைக் கடையில் அச்சொல்லைக் கூறினால், சீர்வரிசை கொண்டு செல்லும் வண்டியா என்று கேட்பர்; ஆதலின் ஈண்டும் கார் என்றே எழுதுகின்றோம்.

ஆங்கிலேய நாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வீட்டிலேயே பிரித்துப் பூட்டிச் செப்பனிடுவது பலருக்கு ஒரு வாழ்நாள் ஈடுபாடு. அவர்கள் போற்றும் கார்களுள் ஒன்று டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற போர் விமானத்தின் பெயரைத் தாங்கி 1962இல் வெளிவந்த அக்கார், 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைக்கப்பெற்றது. இரண்டிற்கும் உருவம் வகுத்தவர் இத்தாலியரான மிச்செலோட்டி. அந்த ஹெரால்டே 1961 முதல் ஸ்டாண்டர்டு என்னும் பெயருடன் வண்டலூரில் உருவாயிற்று. எனவே எம் வீட்டுக் கார், பந்தய வீரன் ஒருவனுக்குக் குடும்பஸ்தனாய் வாய்த்த அண்ணன் எனலாம்.

ஹெரால்டின் அமைப்பில் ஒரு விந்தை உண்டு. அதனைச் செய்த நிறுவனத்திற்கு உடற்கூடு செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. முழுக்கூட்டை ஒரே இடத்தில் செய்ய வழியின்மையால், கூட்டைத் துண்டு துண்டாகச் செய்து, தனி அடிச்சட்டத்தின்மேல் திருகாணிகளால் பூட்டினர். இல்லாமையிற் பிறந்த இம்முறை, கடல் கடந்த நாடுகளில் பூட்டுவதற்கு எளிதாயிற்று. வீட்டில் பிரிப்பதற்கும் எளிதாயிற்று. முன்பக்கத் தகடு முழுவதும் விளக்குகளோடு முன்னோக்கிச் சாயும். அதன்பின் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்து இயந்திரத்தில் வேலை செய்யலாம். வண்டி திரும்புவதற்கு 25 அடி வட்டம் போதும். அகலமோ 5 அடியே. எம் சந்துக்கென்றே மிச்செலோட்டி அளவெடுத்தாரோ என்று அத்தா வியப்பார்கள்.

ஆயினும் இக்காரிடம் அச்சத்திற்குரிய இடம் ஒன்றுண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டு, அது பித்தளைக் கட்டை ஒன்றினுள் திருகப்பட்டிருக்கும். டிரனியன் என்பது அதன் பெயர். சக்கரம் இடமும் வலமும் திரும்புவது அம்மரையின்மேல்தான். அதற்குக் கியர் எண்ணெய் இட வேண்டும், கிரீஸ் இடலாகாது. கிரீஸ் நாளடைவில் இறுகி மரையைச் சென்றடையாது. மழைநீர் புகுந்து உள்ளே துரு ஏறும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். லோட்டஸ் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இவ்வமைப்பே எடுத்தாளப்பட்டது. கிரீஸ் துப்பாக்கியைக் கண்டால் பார்க்கும் முனைக்கெல்லாம் அடித்துவிடுவது பட்டறைப் பையன்களின் இயல்பு. ஆதலால் அத்தா ஆறு மாதத்துக்கு ஒருமுறை தம் கையாலேயே எண்ணெய் இடுவார்கள். நம் கடற்கரையின் உப்புக்காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் இது மிகையான எச்சரிக்கை அன்று.

வண்டலூர்த் தொழிற்சாலை 1972இல் கெசல் என்னும் காரையும், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரையும் வெளியிட்டது. பின்னது நிலைக்கவில்லை, 1988இல் கார் உற்பத்தியே நின்றது. அன்று முதல் ஹெரால்டு வைத்திருந்தோர் ஏடு தேடும் புலவர் ஆயினர். எம் ஏடுகள் புதுப்பேட்டையில் கிடைத்தன. கூவத்தின் கரையருகே, உயிர்போன கார்களைக் கூறுகூறாகப் பிரித்து அடுக்கிய அந்தக் கடைத்தெருவில், பாதி இருட்டில் கைவிட்டு, கண்ணால் பாராமலே இது ஹெரால்டு, இது அம்பாசிடர் என்று கூறும் பெரியவர்களை யாம் கண்டிருக்கிறோம். ஏட்டின் ஓலையைத் தடவியே அதன் வயதைக் கூறுவோரைப் போன்றவர்கள் அவர்கள்.

அத்தா 2011இல் வஃபாத்தானார்கள். அதன்பின்னும் கார் ஓடியது. மூன்றாண்டுக்கு முன் கியர்ப் பெட்டியினுள் பற்கள் தேய்ந்து உடைந்தன. அப்போதுதான் வீட்டில் வழக்கு மூண்டது. வேறொரு நிறுவனத்தின் இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் பொருத்திவிடலாம், ஒரு மாதத்தில் ஓடும் என்றது ஒரு பட்டறை. எம் தம்பி அதற்கு உடன்பட்டார். “அம்மாவுக்கு எழுபத்தாறு ஆகுது. அத்தாவோட வண்டியில அம்மா இன்னொரு தடவை பீச் ரோட்டுல போகணும். அதுக்குள்ள என்ன எஞ்சின் இருந்தா என்ன?” என்றார். அக்கேள்விக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை.

எம் தொழில் எம்மை வேறுபுறம் இழுத்தது. இதே திருவல்லிக்கேணியில் பிள்ளையார் கோயில் தெருவில் வாழ்ந்த உ.வே. சாமிநாதையர், 1894இல் பதிப்பித்த புறநானூற்றில், சிதைந்த இடங்களைப் புள்ளிகளாகவே விட்டார். அவர்தம் புலமைக்கு ஓரடி இயற்றிச் செருகுவது அரிதா? (அவர் வாழ்ந்த வீடோ 2012இல் இடிக்கப்பட்டது, புள்ளிகூட மிஞ்சவில்லை.) சீறாப்புராணத்தை ஏடுகளினின்று எடுத்து 1842இல் அச்சேற்றிய சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிமின் உழைப்பையும் ஆண்டுதோறும் வகுப்பில் கூறி வருகிறோம். இவற்றையெல்லாம் கற்பித்துவிட்டு, வீட்டில் நிற்கும் மூலபாடத்தில் யாமே இடைச்செருகல் செய்வதா?

அரசின் விதியும் எம் பக்கம் நின்றது. 2021 ஜூலையில் நடுவண் அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் மாற்றம் செய்யப்பெறாத கார்களையே தொன்மை வாகனமாகப் பதியலாம். அவற்றிற்கு வி.ஏ. என்னும் எழுத்துகள் கொண்ட தனி எண் உண்டு. இதனைத் தம்பியிடம் வெற்றிக் களிப்புடன் எடுத்துரைத்தோம். “நம்பர் பிளேட்டைப் பாக்கவா அம்மா வண்டியில ஏறப் போறாங்க?” என்றார் அவர்.

வழக்கின் போக்கை மாற்றியவர்கள் அம்மாதாம். “உங்க அத்தா டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போட்டாங்க. சீட்டுக்குப் பச்சை ரெக்சின் தைச்சாங்க. ஹாரன் ஃபியட்டோடது. நீங்க ரெண்டு பேரும் எந்த வண்டியைப் பத்திப் பேசுறீங்க?” என்றார்கள்.

இதற்குப் பதிப்பியல் விடை ஒன்று உண்டுதான். ஏடு எழுதியவன் செய்த திருத்தமும் ஏட்டின் வரலாற்றில் ஒரு பகுதியே. அதனைப் பாடபேதமாகக் காட்ட வேண்டுமேயன்றி அழித்தல் கூடாது. ஆனால் அதே அளவுகோலால் தம்பியின் இயந்திரமும் நாளை ஒரு பாடபேதம் ஆகிவிடாதா? எம் கருத்து இது: அத்தா மாற்றியவை, மாற்றிய பின்னும் ஹெரால்டை ஹெரால்டாகவே ஓட விட்டன. இயந்திரத்தை மாற்றினால் கேட்கும் ஒலியே வேறாகும்; அம்மா கண்ணை மூடிக்கொண்டால் அது அத்தாவின் வண்டியாய் இராது. தம்பி இதனை முழுதும் ஏற்றார் அல்லர். ஓராண்டுத் தவணை தந்திருக்கிறார்.

தவணையில் ஏழு மாதம் கழிந்துவிட்டது. ஹெரால்டின் கியர்ப் பெட்டியைக் கீழ்வழியாக இறக்க வேண்டுவதில்லை. முன்னிருக்கைகளை எடுத்து, நடுவில் உள்ள மூடியைக் கழற்றிவிட்டால் காரின் உள்ளிருந்தே தூக்கி எடுத்துவிடலாம். புதுப்பேட்டை மெக்கானிக் பாய் ஒருவர் தம் பேரனுடன் வந்து எடுத்துத் தந்தார். பாய்க்கு இப்போது கை நடுங்குகிறது. எனவே அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்ல, பேரன் செய்கிறான். எந்தத் திருகாணியை முதலில் தளர்த்துவது, எதனைக் கடைசிவரை விட்டுவைப்பது என்பன எந்த நூலிலும் யாம் காணாதவை. அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். பேரன் எழுதுவதில்லை. ஆயினும் சென்ற வாரம் யாம் கூறுமுன்னரே கிரீஸ் துப்பாக்கியை ஒதுக்கிவைத்து, டிரனியனுக்குக் கியர் எண்ணெயைத் தேடினான்.

நான்கு பல்சக்கரங்களில் மூன்று கிடைத்துவிட்டன. ஒன்றைத் தேடுகிறோம். கழற்றிய முன்னிருக்கை இரண்டும் கூடத்தில் கிடக்கின்றன. பச்சை ரெக்சின் கிழியாத இருக்கையில் அமர்ந்துதான் அம்மா இப்போது நாளிதழ் படிக்கிறார்கள். கியர்ப் பெட்டி உள்ளே போகும்வரை அவ்விருக்கை அவர்களுக்கே.