தொட்டி வாங்குவதற்கு முன்

திருப்போரூர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. கிருத்திகைக்குக் கந்தசாமி கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வந்தாள்.

பாப்பா 'ஃபைண்டிங் நீமோ' பார்த்து அழுததையும், அதே மாதிரி ஆரஞ்சு மீன் வேண்டுமென்று அடம்பிடிப்பதையும், பிறந்தநாளுக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கப்போவதையும் போனில் சொன்னாய். போனில் மறுத்துப் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

2003-ல் வந்த அந்தப் படத்தை நீயும் ஒருமுறை உட்கார்ந்து பார். குஞ்சு மீனைப் பிடித்துக்கொண்டுபோய் சிட்னியில் தன் தொட்டியில் விடுகிற பல் டாக்டர் கெட்டவர் இல்லை. தவித்த மீனைக் காப்பாற்றிவிட்டோம் என்றே நம்புகிறார். அந்த மீனுக்கு ஓர் அப்பன் இருப்பதும், அந்த அப்பன் மகனைத் தேடிக் கடல் முழுக்க அலைவதும் அவருக்குத் தெரியாது. பாப்பா அழுதது மீனுக்காக. நீ வாங்கப்போவது டாக்டரின் தொட்டியை!

இரக்கம் பாப்பாவுக்கு வந்துவிட்டது. ஓர் உயிர் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் பாக்கி. அதற்கு நம் கடற்கரையை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

பங்குனி ஆமைகள் தை பிறந்ததிலிருந்து கரையேறுகின்றன. ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இடும். குஞ்சு வெளிவர ஏறக்குறைய ஐம்பது நாள். ராத்திரியில் கடல் பக்கம் தெரியும் வெளிச்சத்தை நோக்கித்தான் அவை போகும். கரையில் விளக்கு எரிந்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். 1988-லிருந்து சென்னைக் கரையில் மாணவர்கள் ராத்திரி நடந்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. குஞ்சு வெளிவந்ததும் தூக்கித் தண்ணீரில் போடமாட்டார்கள். மணலில் விட்டுவிட்டு, அது தானே ஊர்ந்து போகும்வரை விலகி நிற்பார்கள். கை துறுதுறுக்கும் பிள்ளைகளுக்கு அந்த விலகி நிற்றல்தான் பெரிய பாடம்.

அதன் மறுபக்கத்தையும் பாப்பாவுக்குச் சொல்லலாம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் முடியாது. அதற்காக மீனவர்களைத் திட்டக் கற்றுக்கொடுக்காதே. ஆமை தப்பிப் போக வலையில் வழி வைக்க முடியும் என்று சொல்லிக்கொடு.

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் கூட்டிப்போகலாம். அந்த வளாகத்தில்தான் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்துவந்து, சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கடிபட்டவருக்குப் போடும் மருந்து அந்த விஷத்திலிருந்து வருகிறது. மண்ணில் தடம் பார்த்தே எந்தப் பாம்பு என்று சொல்லும் இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைக் கொஞ்சுகிறவர்கள் இல்லை அவர்கள், பாம்பை அறிந்தவர்கள்.

அப்படியே மாமல்லபுரம். கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்கும் பசுவையும், அர்ச்சுனன் தபசில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும் காட்டு. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு சிற்பி பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

ஆகவே, தம்பி, தொட்டி வேண்டாம். அந்தப் பணத்தில் செங்கல்பட்டுக்கு மூன்று டிக்கெட் போடு. பரீட்சை முடிந்ததும் வந்தால், கடைசிக் குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பாப்பா பார்க்கலாம். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல். பொரிப்பகத்தில் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா