கியோட்டோவில் ஒரு தலையாய பிரச்னை!

கையில் இன்ச் டேப் இருக்கா? இல்லேன்னா ஒரு நூல் போதும். உச்சந்தலையிலிருந்து தாடை வரைக்கும் அளந்துக்கோங்க. அதே அளவு உங்க உயரத்துக்குள்ளே எத்தனை தடவை அடங்குதுன்னு பாருங்க. ஏழு, ஏழரை வந்தால் நீங்கள் சராசரி ஆள். பிறந்த குழந்தைக்கு நாலுதான் வரும். எட்டு வந்துச்சா? அப்போ ஜப்பான்ல உங்களுக்குன்னு ஒரு பட்டமே ரெடியா இருக்கு!

'ஹட்டோஷின்' என்பார்கள். எட்டுத் தலை உடம்பு என்று அர்த்தம். 1953-ல் இதோ கினுகோ என்ற பெண் மிஸ் யுனிவர்ஸ் போட்டியில் மூன்றாவதாக வந்தார். அந்தச் சமயத்தில்தான் இந்த வார்த்தை ஊர் முழுக்கப் பரவியது. அழகி என்றால் எட்டுத் தலை! ஏழு தலைக்காரப் பெண்களெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பெருமூச்சு விட்டிருப்பார்கள், பாவம்.

மனுஷங்களை இப்படித் தலையால் எண்ணுகிற ஊரில் பொம்மைகளை விட்டுவைப்பார்களா? அதைப் பார்க்கத்தான் இப்போ உங்களைக் கியோட்டோவுக்குக் கூட்டிட்டுப் போறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பத்து நாள் அங்கே இருந்தேன். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பொம்மைகளோடு போச்சு. கூட வந்தது லேப் சீனியர் ஒருத்தர். அங்கே சீனியரை 'சென்பாய்' என்பார்கள். நம்ம ஊர்ல 'அக்கா' போடற மாதிரி. அவர் தோளில் ஒரு நீளமான பை. உள்ளே 57 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பொண்ணு!

பதறாதீங்க. பால் ஜாயின்டட் டால். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி எல்லாம் உருண்டையும் குழியுமாகச் செய்து, உள்ளே எலாஸ்டிக் கோத்து இழுத்துக் கட்டிய ரெசின் பொம்மை. கண்ணை மாத்தலாம், விக்கை மாத்தலாம், கைகளை மாத்தலாம். தலையையே கழற்றி வேற உடம்புல மாட்டலாம். விலை? அந்தக் காசுக்கு நம்ம ஊர்ல சுமாரான லேப்டாப் ஒண்ணு வாங்கிடலாம். சென்பாய் பதினெட்டு வயதில் பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கினாராம்.

அன்னிக்கு அவருக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அதைப் போகப் போகச் சொல்றேன்.

முதலில் கமிக்யோ பகுதியில் இருக்கிற ஹோக்யோஜிக்கு வாங்க. கியோட்டோக்காரர்கள் 'பொம்மைக் கோயில்' என்று சொல்லும் இடம். ஒரு காலத்தில் அரச குடும்பத்து இளவரசிகள் துறவிகளாக வாழ்ந்த மடம். அவங்களுக்கு அரண்மனையிலிருந்து வந்த பொம்மைகள் இங்கே சேர்ந்தன. வருஷம் பூரா திறந்திருக்காது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் பொம்மைக் கண்காட்சிகளின்போது போனால்தான் உள்ளே விடுவார்கள். அக்டோபர் 14 அன்று பழைய பொம்மைகளுக்கு இங்கே பூஜை நடக்கும். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத, குப்பையில் போடவும் மனசு வராத பொம்மைகளை எடுத்துக்கொண்டு வருவார்கள். நம்ம ஊர்ல உடைஞ்ச சாமி படத்தை மரத்தடியில் வெச்சுட்டு வர்றோமே, அதே மனசு.

இங்கே பார்க்க வேண்டியது 'கோஷோ' பொம்மைகள். அரண்மனைப் பொம்மைகள் என்று அர்த்தம். சிப்பியைப் பொடித்துச் செய்த வெள்ளைப் பூச்சு, அதன் மேல் பளபளப்பு. கொழுகொழு ஆண் குழந்தைகள். தலையை அளந்தால் மொத்த உயரமே மூன்று தலைதான்! நிஜக் குழந்தைக்கே நாலு என்றால் இது குழந்தையைவிடக் குழந்தை. கண், மூக்கு, வாய் மூணும் அந்தப் பெரிய முகத்தின் நடுவில் துளியூண்டு இடத்தில் ஒதுங்கி நிற்கும். மிச்சமெல்லாம் நெற்றியும் கன்னமும்தான். பார்த்தவுடனே தூக்கணும் போல இருக்கு.

அந்தத் தூக்கணும் போலங்கிற உணர்வுக்கு ஒரு விளக்கம் உண்டு. பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தில் கீழே இறங்கிய கண்கள்... இதையெல்லாம் பார்த்தால் மனுஷ மனசு தானாகவே 'குழந்தை, பார்த்துக்கோ' என்று உத்தரவு போடுகிறது என 1943-ல் எழுதினார் கோன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி. அரண்மனைப் பொம்மைக்காரர்கள் அதை அவருக்கு முன்னாலேயே கண்டுபிடித்து, கூட ஒரு தலையையும் குறைத்துவிட்டார்கள். இன்னிக்கு ஜப்பான் கடைகளில் வரிசையாக நிற்கும் நெண்டோராய்டு பொம்மைகள் இரண்டரைத் தலைதான். வியாபாரம் தெரிஞ்சவங்க!

(நம்ம சிற்பிகளுக்கும் இந்தக் கணக்கு பழசு. ஒரு முகத்தின் நீளம் ஒரு தாளம். பெரிய தெய்வங்களுக்குப் பத்துத் தாளம், பிள்ளையாருக்கு ஐந்து. சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்து மடித்து அளவெடுப்பார்கள். பிள்ளையாரை மட்டும் ஏன் எல்லோரும் கொஞ்சுகிறோம் என்று இப்போ புரியுதா?)

ஹோக்யோஜியிலிருந்து பஸ்ஸில் கிடானோ ஹகுபாய்ச்சோ போய், அங்கே ராண்டென் டிராம் பிடிக்கணும். ஒற்றைப் பெட்டி டிராம், வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும். கதபிரானோத்சுஜியில் மாறி, அரஷியாமா. டிராமில் வைத்துதான் சென்பாய் பையைத் திறந்து காட்டினார். நான் என் இன்ஜினீயர் புத்தியைக் காட்டினேன். டேப்பை எடுத்தேன்.

இந்தப் பொம்மைகளைக் கடையில் 1/3, 1/4, 1/6 என்று ஸ்கேல் போட்டுச் சொல்கிறார்கள். பெரியது சுமார் 57 செ.மீ., நடுத்தரம் 43, சின்னது 26. கணக்குப்படி பெரிசு மனுஷனில் மூன்றில் ஒரு பங்கு, சின்னது ஆறில் ஒரு பங்கு. ஆனா விக் வாங்கப் போனால் குட்டு வெளிப்படும். விக்கை அவர்கள் தலைச் சுற்றளவு இன்ச்சில்தான் விற்கிறார்கள். பெரிசுக்கு 8-9 இன்ச். நடுத்தரத்துக்கு 7-8. சின்னதுக்கு 6-7.

நம்ம பெண்களின் தலைச் சுற்றளவு சுமார் 55 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றால் வகுத்தால் 7.2 இன்ச். ஆறால் வகுத்தால் 3.6 இன்ச்தான்! ஆனா 26 செ.மீ. பொம்மைக்கு 6-7 இன்ச் விக். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தலை. உடம்பு பாதிக்கு மேல் சுருங்கியிருக்கு, தலை மட்டும் சுருங்க மாட்டேன்னு அடம் பிடிக்குது.

ஏன்னு யோசிச்சு, எல்லாத்தையும் மூணால பெருக்கிப் பார்த்தேன். 26 செ.மீ. பொம்மை 78 செ.மீ. ஆகும். ஒரு வயசுக் குழந்தையின் உயரம்! ஒரு வயசுக் குழந்தையின் தலைச் சுற்று சுமார் 46 செ.மீ. மூன்றால் வகுத்தால் 6 இன்ச். விக் சைஸ் சரியாப் போச்சு. 43 செ.மீ. பொம்மை 129 செ.மீ. ஆகும். எட்டு வயசுப் பிள்ளை. அதுவும் பொருந்துது. அதாவது சின்னப் பொம்மைங்கிறது சின்ன ஸ்கேல் கிடையாது பாஸ். ஸ்கேல் அதே மூணுதான். வயசுதான் குறைஞ்சிருக்கு!

சென்பாய் கையைத் தட்டிச் சிரித்தார். "அப்போ என் பொண்ணு?" என்று கேட்டார். அங்கேதான் கணக்கு இடறியது. அவரோடது 'எஸ்.டி.10' உடம்பு. அந்த எண்ணை வயசு என்றுதான் சேகரிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பத்து வயசுப் பெண், ஆனா 57-ஐ மூன்றால் பெருக்கினால் 171 செ.மீ.! நம்ம காலேஜ் பேஸ்கட்பால் டீமில் சேர்த்துக்குவாங்க. முகம் குழந்தை, கால்கள் பெரியவள். கண்ணை அளந்தால் இன்னும் கூத்து. மனுஷக் கண் விழி 24 மில்லிமீட்டர் விட்டம், மூன்றால் வகுத்தால் 8. இந்தப் பொம்மைகளுக்குப் போடுகிற கண் 16, 18 மில்லிமீட்டர். டபுள்! அவ்வளவு பெரிய கண் உட்காரவே தலை பெரிசா இருந்தாகணும்.

இதையெல்லாம் யார் ஆரம்பித்தது? அரஷியாமாவில் இறங்கினால் விடை அங்கேயே இருக்கிறது. கூட்டம் மூங்கில் காட்டுப் பக்கம் போகும். நீங்க தென்ர்யூஜி கோயிலைத் தாண்டி 'தென்ஷி நோ சாதோ'வைத் தேடுங்கள். 'தேவதைகளின் ஊர்' என்று அர்த்தம். தகேஉச்சி செய்ஹோ (1864-1942) என்ற பெரிய ஓவியரின் பழைய வில்லா. தோட்டமும் கூரையும் பார்த்தால் பொம்மைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். நடத்துவது வோல்க்ஸ் நிறுவனம். 1972-ல் கியோட்டோவில் தொடங்கியது. ரெசினில் வார்த்த மாடல் கிட்டுகள் விற்றுக்கொண்டிருந்தவர்கள், 1999-ல் அதே ரெசினில் 57 செ.மீ. பெண்களை வார்த்தார்கள். சூப்பர் டால்ஃபி என்று பெயர் வைத்தார்கள். முதல் நால்வர் நானா, கிரா, சாரா, மேகு. சில வருஷத்தில் கொரியக் கம்பெனிகளும் இறங்கிவிட்டன. உள்ளே போக முன்பதிவு விதிகள் உண்டு. போவதற்கு முன்னாலேயே பார்த்துக்கோங்க, வாசல்ல நின்னு கெஞ்சினா வேலைக்காகாது.

நிதானமாகப் பார்த்தால் ஒன்று தட்டுப்படும். ஒரே மாதிரி முகம். கீழே உடம்பு மாறும்போது ஆளே மாறுகிறாள். 'எஸ்.டி.13' உடம்பில் வைத்தால் ஸ்கூல் பெண். 'எஸ்.டி.16' உடம்பில் வைத்தால் காலேஜ். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. வயசு முகத்துல இருக்குன்னுதானே நாம நினைச்சுட்டிருக்கோம்? க்ரீமா வாங்கித் தடவறோம்! வயசு கழுத்துக்குக் கீழே, தலைக்கும் உடம்புக்கும் நடுவில் நடக்கிற வகுத்தல் கணக்கில் இருக்கிறது.

சென்பாயின் பிரச்னையும் அதுதான். அவருக்கு இப்போ இருபத்து நாலு வயசு. "ஆறு வருஷத்துல நான் வளர்ந்துட்டேன், இவ அப்படியே இருக்கா" என்றார். தோழி ஒருத்தர் சேகரிப்பை விட்டுவிடப்போகிறார். அவரிடம் ஒரு எஸ்.டி.16 உடம்பு, தலை இல்லாமல், பாதி விலைக்கு இருக்கிறது. வேற ஒருத்தரும் கேட்கிறார். அன்னிக்குள்ள பதில் சொல்லணும். தலையை அதில் மாற்றினால் பெண் வளர்ந்துவிடுவாள். ஆனால் பழைய உடம்பையும் வைத்துக்கொள்ளக் காசு போதாது. அதை விற்றால்தான் இதை வாங்க முடியும். திரும்பி வர வழியில்லை.

தொகெட்சுக்யோ பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் தோழி காத்திருந்தார். மடியில் டவலை விரித்தார்கள். பேச்சே இல்லை. விக்கை எடுத்து, பின்மண்டையைத் திறந்தால் உள்ளே ஒரு கொக்கி. அதில்தான் எலாஸ்டிக் மாட்டியிருக்கிறது. கழுத்து, மார்பு, கால் என்று மொத்த உடம்பையும் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு இழுவைதான். கொக்கியை லேசாகத் திருப்பி, விரலில் எலாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு, தலையை வெளியே எடுத்தார். என் வயிற்றில் என்னமோ செய்தது. சிரிக்காதீங்க, நீங்க இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

புது உடம்பில் மாட்டியவுடன் முதலில் கழுத்தைப் பார்த்தார்கள். தலையின் அடியில் இருக்கும் குழியும் கழுத்தும் பொருந்தணும். இல்லேன்னா தலை கிடுகிடுன்னு ஆடும், இல்லேன்னா நிமிரவே நிமிராது. அதுக்கப்புறம் நிறம். ரெசின் வெயில் பட்டு வருஷம் ஆக ஆக மஞ்சள் தட்டும். ஆறு வருஷத் தலையும் பெட்டியிலேயே இருந்த உடம்பும் ஒரே நிறமா இருக்குமா? லேசான வித்தியாசம்தான். காலர் வைத்த சட்டை போட்டால் தெரியாது.

எழுப்பி நிறுத்தினார்கள். அட, நின்றாள்! பொதுவாகத் தலை கனம் மேலே இருப்பதால் இந்தப் பொம்மைகள் பொசுக்கென்று கவிழும். இவள் நேராக நின்றாள். நீண்ட கால், மெல்லிய தோள். தலை இப்போ சின்னதாகத் தெரிந்தது. அதே தலை! அதே பெரிய கண். ஆனா டிராமில் 'என்னைத் தூக்கு' என்று பார்த்த கண், இப்போ 'நீ யாரு?' என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

சென்பாய் இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை கையில் எடுத்துத் தோளில் சாய்த்துப் பார்த்தார். தலை அவர் கழுத்து வளைவில் எப்பவும் உட்காரும் இடத்தில் உட்காரவில்லை, காதுக்குப் பக்கத்தில் போய் இடித்தது. தோழி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. என் கணக்கெல்லாம் டிராமோடு சரி.

"நல்லாத்தான் இருக்கா" என்றார் கடைசியில். "ஆனா இவளை எனக்குத் தெரியாது."

மறுபடி டவல், மறுபடி கொக்கி. இந்த முறை எலாஸ்டிக் விரலிலிருந்து நழுவிச் சுளீரென்று உள்ளே போய்விட்டது. நம்ம ஊர்ல பைஜாமா நாடா உள்ளே போயிட்டா ஹேர்பின்னால எடுப்போமே, அதே டெக்னிக்தான் அங்கேயும்! கம்பியை விட்டுத் துழாவி இழுத்து மாட்டப் பத்து நிமிஷம் ஆச்சு. தோழி துளிக்கூடக் கோபப்படவில்லை. தலையில்லாத உடம்பைப் பபுள் ராப்பில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டே போனில் மெசேஜ் தட்டினார், கேட்டுக்கொண்டிருந்த இன்னொருத்தருக்கு. ரெண்டே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. அவரிடம் ஏற்கெனவே ஒரு தலை சும்மா இருக்கிறதாம்.