மூன்று டொலர் பெறுமா?

விலை எவ்வளவு, எத்தனை பக்கம், மை வாசிக்கக்கூடியதாகப் பதிந்திருக்கிறதா என்பதையெல்லாம் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கதைகளுக்கு வருகிற மதிப்புரையை நான் முதன்முதலாக வாசித்தது அமெரிக்க ஸ்ரார் ட்ரெக் ரசிகர்களின் சஞ்சிகைகளில்தான். ரொறன்ரோ கொலிஜ் வீதியிலுள்ள லில்லியன் ஸ்மித் நூலகத்தின் மூன்றாம் மாடியில் மெரில் சேகரிப்பு இருக்கிறது. விஞ்ஞானப் புனைகதைக்கென்று, எழுத்தாளர் யூடித் மெரில் தன் புத்தகங்களைக் கொடுத்து 1970இல் தொடக்கிவைத்தது. எதையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, இருந்து வாசித்துவிட்டு வரவேண்டும். எனக்கு உணவகத்தில் வேலை பின்னேரம்தான் தொடங்கும் என்பதால் அது வசதியாகப் போயிற்று.

அந்தத் தொலைக்காட்சித் தொடர் 1966இல் தொடங்கி 1969இல் நின்றுபோனது. 1967இலேயே டெவ்ரா லாங்சம், ஷேர்னா கொமர்ஃபோர்ட் என்ற இரு பெண்கள் 'ஸ்பொக்கனேலியா' என்ற சஞ்சிகையைக் கொண்டுவந்துவிட்டார்கள். தொடர் நின்றபிறகு இப்படியானவை பெருகின. தொடரின் பாத்திரங்களை வைத்துத் தாங்களே கதை எழுதி, தட்டச்சுச் செய்து, றோனியோவில் உருட்டி, மேசையைச் சுற்றி நடந்து பக்கம் அடுக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாத்திரங்கள் கம்பனியின் சொத்து; ஆகவே இலாபம் பார்க்கக்கூடாது. தாளுக்கும் மைக்கும் முத்திரைக்கும் ஆன செலவு திரும்பி வந்தால் போதும். கதை எழுதியவருக்குச் சன்மானம் ஒரு பிரதி. எண்பதுகளின் கடைசியில் ஜேர்மனியில் 'தூண்டில்', நோர்வேயில் 'சுவடுகள்' என்று தொடங்கியவர்களுக்கு இதில் எதையும் விளக்கத் தேவையில்லை.

வாங்குகிறவர் சஞ்சிகையைக் கண்ணால் காணமாட்டார். காசையோ காசோலையையோ கடித உறைக்குள் வைத்து அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். சிலவேளை ஆசிரியர் காசோடு காணாமற் போய்விடுவார். எனவே கதையின் தரத்தை மட்டும் சொன்னால் மதிப்புரைகாரரின் வேலை முடியாது. ஆசிரியர் கடிதத்துக்குப் பதில் போடுகிறவரா, சொன்ன காலத்தில் இதழ் வருமா, ஊசி கழன்று பக்கங்கள் கொட்டுமா, பதினெட்டு வயது நிரம்பியதென்று கையெழுத்து வைத்துக் கேட்கவேண்டிய கதைகள் இருக்கின்றனவா, எல்லாவற்றையும் சொல்லவேண்டும். எங்கேயோ ஒரு சின்ன ஊரில் இருக்கும் ஒருத்தியின் மூன்று டொலர் அதில் தங்கியிருக்கிறது.

சிலர் புள்ளியும் போட்டார்கள். எனக்குப் புள்ளியில் நம்பிக்கை இல்லை. எங்கள் கடைக்கும் ஆட்கள் தொலைபேசியில் நட்சத்திரம் போடுகிறார்கள். மூன்று நட்சத்திரம் என்றால் உப்புக் கூடியதா, பரிமாறியவர் முகம் சுளித்தாரா என்று குசினிக்குள் நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது.

இந்த வட்டத்தின் பெயர்போன மதிப்பீடு உண்மையில் ஒரு நையாண்டிக் கதை. 1973இல் போலா ஸ்மித் 'மெனாஜரி' என்ற ரசிகர் சஞ்சிகையில் மிகச் சிறியதாக ஒன்றை எழுதினார். மேரி சூ என்ற பதினைந்தரை வயது லெப்ரினன்ற் கப்பலுக்கு வருகிறாள். அவளுக்குத் தெரியாதது இல்லை. அவளை விரும்பாதவர் இல்லை. கடைசியில் எல்லோரும் அழ அழச் செத்துப்போகிறாள். சஞ்சிகை சஞ்சிகையாக ஒரே மாதிரிக் கதைகளை வாசித்து அலுத்த ஒருவரின் கைவரிசை அது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெயர் ஆளுக்காள் கைமாறி ஒரு தடியாகிவிட்டது. மேரி சூ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் சிலர் பெண் பாத்திரம் எழுதுவதையே விட்டுவிட்டதாகக் கமில் பேக்கன் ஸ்மித் 1992இல் வந்த தன் ஆய்வு நூலில் பதிந்திருக்கிறார். கப்டன் கேர்க்கும் எல்லாம் வல்லவன்தான், போகிற கிரகமெல்லாம் காதலிக்கப்படுகிறவன்தான். அடி வாங்கியது அவனைப் படைத்தவர்கள் அல்லர், முதல் கதை எழுதிய பெட்டைகள்.

எங்களிடமும் அப்படியொரு தடி உண்டு: 'புலம்பல்'. ஊரை நினைத்து யார் எழுதினாலும் அந்த ஒரு சொல்லில் முடித்துவிடலாம். மற்றப்படி எங்கள் மதிப்புரைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கலியாண வீட்டு வாழ்த்துப்பா, மற்றது பழைய இயக்கக் கணக்கைத் தீர்ப்பது. இரண்டுக்கும் புத்தகத்தைத் திறக்கவேண்டிய அவசியமில்லை.

சென்ற வருடம் எங்கள் குசினியில் மரக்கறி வெட்டும் பிள்ளையொருத்தி தன் ஆறு கதைகளைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். அறுபத்துநான்கு பக்கம், ஐந்து டொலர். "அண்ணை, இதைப் பற்றி ஒருக்கா எழுதித் தாங்கோ. நல்லதா எழுதுங்கோ எண்டு கேக்கேல்லை" என்றாள். அப்படிச் சொல்கிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் கதையில் பதினேழு வயதுப் பெண் முகாமில் காயக்காரரைப் பராமரிக்கிறாள், ஆங்கிலம் மொழிபெயர்க்கிறாள், காவலுக்கு நிற்கும் ஆமிக்காரனையே அழவைத்துச் சாகிறாள். மேரி சூவேதான். அந்தப் பெயரை நான் எழுதவில்லை. பக்கமும் விலையும் சொன்னேன். பின்னட்டை ஊசி பிடிக்கவில்லை, பன்னிரண்டாம் பக்கத்தில் எழுத்துப்பிழை மலிந்திருக்கிறது என்றேன். முதல் கதைப் பெண்ணுக்கு ஒரு கெட்ட குணமாவது இருந்திருந்தால் அவள் செத்தது எனக்கு வலித்திருக்கும் என்றேன். நாலாவது கதையில், அகதி விசாரணைக்கு முதல்நாள் இரவு அக்காவும் தங்கையும் தேதிகளைப் பாடமாக்குகிறார்கள். தம்பி காணாமற்போன நாளை இருவரும் வேறுவேறாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தில் இருக்கும் தேதிக்காக அக்கா தன் ஞாபகத்தை விட்டுக்கொடுக்கிறாள். இந்தக் கதைக்காகவே ஐந்து டொலர் கொடுக்கலாம், முதலில் இதை வாசியுங்கள் என்று எழுதினேன்.

எழுதியதைக் கொடுத்தேன். குளிரறைக் கதவடியில் நின்று வாசித்தாள். இரண்டு நாள் என்னோடு வெங்காயம், கரட் தவிர வேறு கதை இல்லை. மூன்றாம் நாள் கோப்பை கழுவுமிடத்துக்கு வந்தாள்.

"அண்ணை, பன்னிரண்டாம் பக்கத்தில எத்தினை பிழை எண்டு எண்ணினனீங்களோ?"

"ஏழு."

"ஒன்பது" என்றாள்.