ஒரு மணி நேர விமானம், ஆறு மணி நேரப் பயணம்

எங்கள் வெள்ளகோவில், கோயமுத்தூர் - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. மேற்கே பீளமேடு விமான நிலையம் சுமார் 85 கிலோ மீட்டர். கிழக்கே திருச்சி விமான நிலையம் சுமார் 130. வடக்கே ஈரோடு ரயிலடி சுமார் 50. சென்னைக்கு எந்த வழி சீக்கிரம் என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. காரணம், குரோம்பேட்டையில் இருக்கும் மகளின் தலைப்பிரசவம். தாய்வீட்டில் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலி கண்டால் நான்தான் ஓட வேண்டும்.

"எதுக்குக் கவலைப்படறே? பிளேன்ல ஒரு மணி நேரந்தான்" என்றார் இவர்.

"ஏனுங்க, பிளேன் நம்ம வாசலுக்கா வருதுங்க?" என்று காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

கோவைக்கும் சென்னைக்கும் ஆகாய வழியில் சுமார் 400 கிலோ மீட்டர். திருச்சியிலிருந்து சுமார் 300தான். ஆனாலும் நேரம் அதிகம் குறைவதில்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகிற நேரம் இரண்டுக்கும் ஒன்றுதானே! டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றேகால் மணி என்பது, இங்கே விமானம் நகரத் தொடங்கி அங்கே போய் நிற்கிற வரைக்குமான கணக்கு.

மீதியை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். காங்கயம், பல்லடம், சூலூர் வழியாகப் பீளமேட்டுக்குக் காரில் 2 மணி. புறப்பட ஒரு மணி முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். அதனால் ஒன்றரை மணி முன்னதாகப் போக வேண்டும். மீனம்பாக்கத்தில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. குரோம்பேட்டைக்கு இன்னொரு அரை மணி. ஆக மொத்தம் ஆறு மணிக்குக் கொஞ்சம் குறைவு!

ரயில் என்றால்? 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத், ஈரோட்டிலிருந்து சுமார் நாலரை மணியில் சென்ட்ரல் போய்ச் சேரும். முன்னும் பின்னும் சேர்த்தால் ஏழு மணிக்கு மேல். மகள் பெரம்பூரில் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். செலவில் ரயில் ஜெயிக்கும். குரோம்பேட்டைக்கு விமானமே மேல். இரவில் வலி கண்டால், ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ். இப்படி எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

ஒரு விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. "அம்மா, எப்பம்மா வருவே?" குரல் நடுங்கியது.

"பன்னெண்டு மணிக்குள்ள வந்துருவேன் கண்ணு. அதுவரைக்கும் உன் மாமியாரு கையப் புடிச்சுக்கோ" என்றேன். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லியிருந்தால், அந்த வேதனையில் நிமிஷத்துக்கொரு தரம் வாசலைப் பார்த்திருப்பாள்.

ஒன்பதேகால் விமானம். பதினொன்றே முக்காலுக்கு அவள் பக்கத்தில் நின்றேன். மூன்று மணிக்குப் பேத்தி பிறந்தாள்.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

பிரசவத்துக்கு என்று கொப்பரைத் தேங்காய் கட்டாதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று விமானத்தில் அனுமதிப்பதில்லை. எங்கள் ஊரே கொப்பரை ஊர். என்ன செய்ய!

நிறைமாதப் பெண்கள் விமானம் ஏற டாக்டர் சான்று கேட்பார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

2 வயதுக்குள் உள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். வயதுச் சான்று அவசியம். விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் மாறிக் குழந்தைக்குக் காது வலிக்கும். அப்போது பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும். மூன்று மாதம் கழித்துப் பேத்தி எங்கள் ஊருக்கு வந்தது அப்படித்தான், அழாமல்!