வண்டலூர் மானும் நல்லூர் மானும்

அக்கா வீடு தாம்பரத்துல. அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளை ஊருக்கு அழைச்சிட்டு வரப் போனேன். "மாமா, வண்டலூர் பாத்துட்டுப் போலாம்"னு பிடிச்சுக்கிட்டாங்க. மக்காச்சோளம் கதிர் முத்துற நேரம். ராத்திரிக் காவலுக்குத் தம்பியை விட்டுட்டு வந்திருந்தேன். சரி, ஒரு நாள்தானேன்னு கிளம்பினோம்.

1855ல் மெட்ராஸ் மியூசியத்துல ஆரம்பிச்ச விலங்குக் காட்சிசாலை, 1985ல் வண்டலூருக்கு வந்ததாம். பரப்பு 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,500 ஏக்கர். செவ்வாய்க்கிழமை விடுமுறை; போறவங்க கவனிச்சுக்குங்க. சிங்க உலாவிடத்துக்குள்ள நம்ம வண்டியில போக முடியாது. கம்பி வலை போட்ட அவங்க வண்டியிலதான் கூட்டிட்டுப் போறாங்க. கூண்டுக்குள்ள நாம, வெளியில சிங்கம். அது மரத்தடியில படுத்தபடி நம்மளத் திரும்பிக்கூடப் பாக்கல.

அடுத்து மான்கள். புள்ளிமான் கூட்டத்தைப் பாத்ததும் வண்டியே கூச்சல் போட்டுச்சு, எல்லார் கையிலயும் செல்போன். எனக்கு மட்டும், இத்தனை மான் ஒரு ராத்திரி நம்ம உளுந்துல இறங்கினா என்ன மிஞ்சும்னு கணக்கு ஓடுச்சு.

மறுநாள் பிள்ளைகளோட ரயிலேறி விருத்தாசலத்துல இறங்கினோம். நம்ம பக்கம் வர்றவங்க பழமலைநாதர் கோயிலை விட்டுடாதீங்க. கோபுரம் அஞ்சு, பிராகாரம் அஞ்சு, நந்தி அஞ்சுன்னு எல்லாமே அஞ்சுதான். ஆழத்துப் பிள்ளையாரைப் படியிறங்கித்தான் கும்பிடணும். சுந்தரர் பொன்னை மணிமுத்தாத்துல போட்டு, திருவாரூர்க் குளத்துல எடுத்த கதை இங்கதான் தொடங்குது. அப்புறம் பீங்கான். களிமண் கூழை அச்சுல ஊத்தி, காயவச்சு, சூளையில சுட்டு எடுக்குற பொம்மைகளைப் பிள்ளைகள் விட்டு வர மாட்டேன்னாங்க. ஆளுக்கு ஒரு யானை வாங்கினோம். நல்லூர்ல ஆத்தங்கரை வில்வவனேஸ்வரர் கோயில். சாயங்காலம் கூட்டமே இருக்காது.

வீட்டுக்கு வந்தா தம்பி முகம் சரியில்ல. விடியக்காலம் கண்ணசந்த நேரத்துல பன்னிக் கூட்டம் கால் ஏக்கரைச் சாய்ச்சிருச்சு. தின்னது கொஞ்சம், மிதிச்சது அதிகம். மிச்சத்தை மயில் கொத்திக்கிட்டு இருந்துச்சு. "ஐ, மயில்!"னு பிள்ளைகள் ஓடினாங்க.

"கரண்டு வேலி போட்டா வராதுல்ல மாமா?"னு பெரியவன் கேட்டான். திருட்டுத்தனமா கரண்டு இழுக்குறவங்க உண்டுடா, ஆனா அதுல மாட்டிச் செத்த மனுஷங்களும் உண்டுன்னேன். சூரிய ஒளி வேலி உசுரை எடுக்காது. அதுக்கு ஆகிற செலவு ரெண்டு ஏக்கர் மானாவாரிக்காரனுக்குக் கட்டாது. பழைய சேலை, தகர டப்பா, டார்ச் லைட்டு, இதுதான் எங்க வேலி.

மயில் 1963லிருந்து தேசியப் பறவை; 1972 வனவிலங்குச் சட்டம் அதைக் காக்குது. காக்கட்டும். வேப்பூர்ப் பக்கம் நாலு வழிச்சாலையில அடிபட்டுக் கிடக்குற மானைப் பாத்தா எங்களுக்கும் மனசு கேக்காது. ஆனா இந்த உயிரெல்லாம் நாட்டுக்கே சொந்தம்னா, தீனிச் செலவு மட்டும் ஏன் கொல்லைக்காரன் கணக்குல ஏறணும்?

ஊருப்பக்கம் வந்தா மயிலைப் படம் எடுங்க, தப்பில்ல. அது நிக்கிற கொல்லை யாருதுன்னும் ஒரு வார்த்தை விசாரிங்க.