பத்துமலை வௌவாலும் டுரியான் மரமும்

டுரியான் பருவத்தில் கோலாலம்பூரிலிருந்து ரவூப் பக்கம் போகிறவர்கள் தோட்டங்களையும் சாலையோரக் கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மூசாங் கிங் பழத்தின் ருசி அறிய அது போதும். மரத்தை அறிய அது போதாது. போர்னியோ, சுமத்திரா மழைக்காடுகளின் மரமான டுரியானுக்கு, வேர் ஊன்றிய மண் மட்டுமே இருப்பிடம் ஆகாது. தொலைவிலுள்ள குகையும் கடலோரச் சதுப்பும் சேர்ந்தால்தான் அது நன்றாகக் காய்க்கும். ஆகவே பயணி முதலில் பத்துமலைக்கும், அடுத்து கோலசிலாங்கூருக்கும் போகட்டும். தோட்டம் கடைசியில் இருக்கட்டும்.

காரணம் பூவில் இருக்கிறது. பெருங்கிளைகளில் கொத்தாகத் தொங்கும் வெளிறிய டுரியான் பூ மாலையில் விரிகிறது; தேன் சுரந்து, கனத்த வாடை வீசி, விடிவதற்குள் இதழை உதிர்த்துவிடுகிறது. பல ரகங்கள் தம் மகரந்தத்தால் சரிவரக் காய்பிடிப்பதில்லை, இன்னொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். இரவில் அதைச் சுமந்து வருவது குகையில் கூட்டமாக வாழும் தேனுண்ணி வௌவால். முருகனைத் தரிசிக்க நாம் 272 படி ஏறும் அதே பத்துமலைக் குன்றின் குகைகளில் இந்த வௌவால்களும் குடியிருந்து வந்திருக்கின்றன. டுரியானோ ஆண்டில் சில வாரங்களே பூக்கும். மற்ற மாதங்களில் வௌவாலுக்குச் சோறு போடுவது யார்? காட்டு வாழை, பெத்தாய் மரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆற்று முகத்துவாரத்தில் நிற்கும் பெரெம்பாங் என்ற அலையாத்தி மரம். கோலசிலாங்கூரில் மின்மினிகள் மொய்க்கும் மரம் அதுதான். பத்துமலை வௌவால்கள் 38 கி.மீ. அளவு பறந்து கடலோர மரங்களில் தேன் குடித்துவந்ததை, எச்சத்தில் இருந்த மகரந்தத்தைக் கொண்டு 1970களிலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அலையாத்திக் காட்டை இறால் பண்ணைக்காக அழித்தால், மலையடிவாரத்து டுரியானுக்கும் அது கேடுதான்.

மலைத்தேனீயும் அந்தியில் டுரியான் பூவுக்கு வருகிறதே, வௌவால் எதற்கு என்று கேட்கலாம். தேனீயின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் தென் தாய்லாந்தைப் பற்றி 2009 இல் வெளியான ஆய்வு, முதன்மையான மகரந்தத் தூதர் வௌவாலே என்கிறது. தூரிகையால் கைப்பட மகரந்தம் தடவும் தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். கவாத்து செய்து குட்டையாக வளர்த்த மரத்துக்கு அது சரிவரும். கம்போங் ஓரத்தில் 30 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கும் பழைய மரத்தில், இருட்டில், யார் ஏறுவது? காட்டிலுள்ள டுரியான் இனங்களுக்கு யார் தடவுவது? நாளைய புதிய ரகங்களுக்கு வித்து அங்கேதான் இருக்கிறது. வௌவால் பூவைத் தின்று நாசமாக்கும் என்ற அச்சம்தான் வௌவாலைக் காப்பதற்கு இவற்றைவிடப் பெரிய தடை. பழந்தின்னிப் பெருவௌவால்களைச் சுடுவதற்கும் அதையே சாக்காகச் சொல்கிறார்கள். தியோமான் தீவில் கேமரா பொருத்திப் பார்த்து 2017 இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பெருவௌவால்கூடப் பூவைச் சிதைக்காமல் தேன் குடித்து மகரந்தத்தைக் கடத்துவது தெரியவந்தது.

ஆகவே, பத்துமலை போன்ற சுண்ணாம்புக் குன்றை உடைக்க உரிமம் தருமுன் அதன் குகைகளில் வௌவால் கூட்டம் உண்டா என்று மாநில அரசுகள் கணக்கெடுக்க வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் டுரியான் தோட்டக்காரர்களே.